பிரிக்காத ப்ளக் டப்பா

எனக்கு ட்ராக்டரைப் பிடிக்காது. ட்ராக்டர் வைத்திருப்பவர்களை அதைவிடப் பிடிக்காது. பெங்களூர் அடுகோடியில் ஸ்பார்க் ப்ளக் விற்கிற கடையில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவள் சொல்கிறேன், கொஞ்சம் யோசித்துத்தான் சொல்கிறேன்.

ட்ராக்டருக்கு ஏது ப்ளக் என்று உடனே ஒரு அதிமேதாவி கேட்பான். வாரத்துக்கு ஒருவனாவது என் கவுண்டரில் சாய்ந்துகொண்டு எனக்கே பாடம் எடுக்கிறான். தெரியும் சாமி. இப்போது வயலில் ஓடுவதெல்லாம் டீசல் வண்டி, அதற்கு ஸ்பார்க் ப்ளக் கிடையாது. நான் சொல்வது அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய வண்டி. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஒரு குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நாலு சிலிண்டர், நாலு ப்ளக். உழுவதற்கு யாரும் இதை வைத்துக்கொள்வதில்லை. கோலார் பக்கமும் ஆனேக்கல் பக்கமும் தோட்டம் வாங்கிப் போட்ட பெரிய மனிதர்கள் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்துக்கொண்டு, நின்றுபோனால் என்னிடம் வந்து நிற்பார்கள்.

இந்த வண்டிகளுக்கு ப்ளக் எடுத்துக் கொடுப்பதில் ஒரே ஒரு சூட்சுமம்தான். ப்ளக்கின் நுனியில் வெள்ளைப் பீங்கான் மூக்கு ஒன்று இருக்கும். மூக்கு நீளமாக இருந்தால் சூடு அதிலேயே தங்கும், படிகிற கரியைத் தானே எரித்துவிடும். அது ஹாட் ப்ளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும். அது கோல்ட் ப்ளக், விரட்டி ஓட்டுகிற இன்ஜினுக்கு. மெதுவாக ஊர்ந்துபோகிற மண்ணெண்ணெய் வண்டிக்கு கோல்ட் ப்ளக்கைப் போட்டால் கரி அப்பிக்கொண்டு நடுவழியில் நிற்கும். அவ்வளவுதான்.

ஆனால் எது ஹாட், எது கோல்ட் என்பதை டப்பாவின் மேலிருக்கிற எண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கேதான் ப்ளக் கம்பெனிக்காரன்கள் நம் உயிரை வாங்குகிறான்கள். ஒரு கம்பெனியில் எண் கூடினால் ப்ளக் ஹாட். இன்னொன்றில் எண் கூடினால் கோல்ட். ஆளாளுக்கு ஒரு வழக்கம். அதனால் நான் ஒரு தகரத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, அதில் மூன்று கம்பெனிகளுக்கு மூன்று வரி வெள்ளையில் எழுதி, எந்தப் பக்கம் போனால் சூடு கூடும் என்று அம்புக்குறி போட்டுக் கவுண்டருக்குப் பின்னால் மாட்டினேன். முதல் இரண்டு வரியும் பைக், கார் சமாச்சாரம், தினமும் கைபடுவது. மூன்றாவது வரி வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று. பழைய ட்ராக்டருக்கு அந்தக் கம்பெனி ப்ளக்தான் பொருந்தும். வருஷத்துக்குப் பத்துப் பேர் கேட்டால் அதிகம்.

கடை அப்பாவுடையது. அவர் போன பிறகு எனக்கும் என் தம்பிக்கும் வந்தது. அவர் விட்டுப்போன ஒரு வழக்கத்தை நான் மாற்றவில்லை. ப்ளக் டப்பாவைக் கவுண்டரில் பிரிக்கக் கூடாது. மாட்டுகிறவன் கைதான் முதலில் பட வேண்டும். கடைக்காரன் பிரித்துக் கொடுத்தால் பழைய சரக்கு என்று மெக்கானிக் சந்தேகப்படுவான் என்பது அப்பாவின் கணக்கு. நான் அதற்கு மேல் ஒரு படி போய், ஒவ்வொரு டப்பாவிலும் கடையின் ரப்பர் ஸ்டாம்பை ஊதா மையில் குத்தி அனுப்புவேன். இது என் கை வழியாகப் போனது, என்ன ஆனாலும் என்னிடம் வா என்று அர்த்தம். யாரும் வந்ததில்லை. எங்கள் கடையிலிருந்து போன ட்ராக்டர் ப்ளக் திரும்பி வந்ததே இல்லை என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். ட்ராக்டர் ப்ளக் அக்கா என்றே ஹோசூர் ரோடு மெக்கானிக்குகள் என்னைச் சொல்வார்கள். எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வேலை இப்படி நடக்கும். வருகிறவரிடம் வண்டி எது, என்ன வேலைக்கு என்று நான் விசாரிப்பேன். போர்டைப் பார்த்து எண்ணைச் சீட்டில் எழுதி நீட்டுவேன். தம்பி உள்ளறைக்குப் போய் டப்பாவை எடுத்து வருவான். டப்பாவின் எண்ணைச் சரிபார்க்காமலே நான் ஸ்டாம்ப் குத்துவேன். பதினாறு வருஷம் இப்படி ஓடியது. என்னைவிட ஒன்பது வயது சின்னவன். அதிகம் பேசமாட்டான். பேசாதவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, அவர்கள் மனசுக்குள் நம்மை என்னவோ சொல்கிற மாதிரி இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், கடையில் நாலு பேர் நிற்கும்போது, நான் எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றான். பிறகு விரலை நீட்டி என் போர்டைக் காட்டினான்.

“அக்கா, அந்த மூணாவது வரி...”

அதற்கு மேல் நான் விடவில்லை. நாலு பேர் முன்னால் என் போர்டுக்கு விரல் நீட்டுகிறானே என்று எண்ணெயில் விழுந்த கடுகாக வெடித்தேன். எடுத்துக் கொடுக்கிற வேலையை மட்டும் பார், கடையை நடத்த எனக்குத் தெரியும் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், அவன் மாமனார் வீடு வரைக்கும் போய்த் திரும்பினேன். அவன் சீட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனவன்தான். அடுத்த மாதம் மூன்று ஷட்டர் தள்ளித் தனியாகக் கடை போட்டான். அன்றிலிருந்து பேச்சு இல்லை. காலையில் ஷட்டர் தூக்கும்போது அவன் இருக்கிற பக்கம் நான் திரும்பமாட்டேன். அவன் ஸ்கூட்டர் என் கடையைத் தாண்டும்போது வேண்டுமென்றே ஒரு வாளித் தண்ணீரை வாசலில் கொட்டியிருக்கிறேன். பொய் சொல்ல விருப்பமில்லை.

அவன் போன பிறகு ட்ராக்டர் ப்ளக் வாங்கிய இரண்டு பேர் கரி பிடிக்கிறது என்று திரும்பி வந்தார்கள். ஒருவனை மெக்கானிக் சரியில்லை என்று திட்டி அனுப்பினேன், இன்னொருவனை மண்ணெண்ணெய் கலப்படம் என்று திட்டி அனுப்பினேன். எனக்கு உறைக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தோட்டக்காரர் வந்தார். பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி வேலையை ஐம்பது வயதில் விட்டுவிட்டு, பொம்மசந்திரா தாண்டி ஆனேக்கல் போகிற வழியில் மாந்தோப்பு வாங்கிப்போட்டிருக்கிறார். சனி ஞாயிறு டவுன் குழந்தைகளைப் பெற்றவர்களோடு வரவழைத்து, மாட்டைத் தொட்டுக் காட்டி, கூழ் ஊற்றி, கடைசியில் பழைய ட்ராக்டருக்குப் பின்னால் ட்ரெயிலர் கட்டித் தோப்பை நாலு சுற்றுச் சுற்றிக் காட்டுகிறார். ட்ரெயிலரில் வைக்கோல் கட்டு போட்டு அதன்மேல் குழந்தைகள். நடக்கிற வேகத்தில்தான் போக வேண்டும். எதற்கு டீசல் வண்டி வைத்துக்கொள்ளாமல் இந்தக் கிழட்டு வண்டி என்று கேட்டேன். எக்ஸ்பீரியன்ஸ் மேடம், எக்ஸ்பீரியன்ஸ் என்றார். அந்த மண்ணெண்ணெய் வாசம்கூட எக்ஸ்பீரியன்ஸாம். எங்கள் வீட்டு அடுப்படியில் வந்து நின்றிருந்தால் இலவசமாகவே முகர்ந்திருக்கலாம்.

நடக்கிற வேகம் என்றால் நல்ல ஹாட் ப்ளக் வேண்டும். போர்டைப் பார்த்தேன். மூன்றாவது வரி, அம்புக்குறிப்படி எண் கூடினால் சூடு கூடும். சாதாரணமாகப் போடுகிற எண்ணைவிட இரண்டு கூட்டி எழுதி, உள்ளே போய் நானே நாலு டப்பா எடுத்து, ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தேன்.

அந்த ஞாயிறே போன். மூன்றாவது சுற்றில் வண்டி நின்றுவிட்டது, குழந்தைகளை வெயிலில் நடத்திக் கூட்டிவர வேண்டியதாயிற்று, யாரோ வீடியோ எடுத்துவிட்டார்கள். ப்ளக் என்ன நிறம் என்று கேட்டேன். காய்ந்த கறுப்புக் கரி. அப்படியானால் சூடு போதவில்லை. இன்னும் ஒரு எண் கூட்டிக் கொடுத்தனுப்பினேன். அடுத்த வாரம் இரண்டாவது சுற்றிலேயே நின்றது.

அவர் நேரில் வந்தார். நாலு கறுத்த ப்ளக்கையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்து கவுண்டரில் கொட்டினார். மூன்று பேர் நிற்கிறார்கள். டூப்ளிகேட் சரக்கா மேடம் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிக்காமல் கேட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். என் கண் சிவந்துவிட்டது.

“என் ப்ளக்ல குத்தம் இல்ல சார். உங்க டிரைவரைக் கேளுங்க. இன்ஜின் சூடாகறதுக்கு முன்னாடியே மண்ணெண்ணெய்க்கு மாத்துறான். பெட்ரோலை மிச்சம் புடிக்கிறான்.”

இது நடக்கக்கூடியதுதான். இன்ஜின் குளிராக இருக்கும்போது மண்ணெண்ணெய் விட்டால் அதே கரிதான் படியும். அதுவரைக்கும் சொன்னது தொழில் பேச்சு. அவர் புருவத்தைத் தூக்கி, மிச்சம் பிடித்து என்ன செய்கிறான் என்றார். நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா.

“அதை நீங்கதான் கேக்கணும்” என்றேன். தோளை ஒரு தூக்குத் தூக்கினேன். நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் போனார். ஜெயித்துவிட்டேன் என்று மதியம் ஒரு காபி கூடுதலாகக் குடித்தேன்.

அடுத்த வியாழக்கிழமை அந்த டிரைவர் வந்தார். நான் அதுவரை அவரைப் பார்த்ததில்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆள், நாற்பது நாற்பத்திரண்டு இருக்கும், மெல்லிய உடம்பு. ட்ராக்டர் ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு அறையில் குடும்பம். பெண்சாதி தோட்டத்தில் சமையல், ஒரே பெண் பக்கத்து ஸ்கூலில் பத்தாவது. இதெல்லாம் நான் கேட்காமலே அவர் சொன்னார், சொல்லும்போது கவுண்டரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பெட்ரோல் திருடுகிறாயா என்று முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாராம். வரப்போகிற சனி ஞாயிறில் வண்டி இன்னொரு தடவை நின்றால் அறையைக் காலி செய்துகொண்டு போகச் சொல்லியிருக்கிறாராம். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பெண்ணை எங்கே கூட்டிப்போவது. ரேடியேட்டர் கையில் சுடுகிற வரைக்கும் பெட்ரோலில்தான் ஓட்டுகிறேன், வேறு ப்ளக் ஏதாவது பார்த்துக் கொடுங்கள் என்றார்.

“ப்ளக் எல்லாம் சரியான ப்ளக்தான். நீ ஓட்டற லட்சணத்துக்கு எந்த ப்ளக்கைப் போட்டாலும் நிக்கும்” என்றேன்.

கறுத்த ப்ளக் ஒன்று கையில் இருந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு படி இறங்கி, மூன்று ஷட்டர் தள்ளி, என் தம்பி கடைக்குப் போனார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆத்திரம். என் வாடிக்கை, என் ப்ளக், அது அவன் கவுண்டருக்குப் போவதா. கடையை அப்படியே போட்டுவிட்டுச் செருப்புகூடப் போடாமல் போனேன். இரண்டு வருஷத்தில் அன்றுதான் அவன் கடைப் படியை மிதித்தேன். ஆளைப் பிடிக்க வாசலிலேயே காத்திருக்கிறாயா, அக்கா கடையை மூடிப் பார்க்கத்தான் இங்கே வந்து உட்கார்ந்தாயா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டேன். டிரைவர் ஓரமாக ஒதுங்கினார். தம்பி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவன் டிரைவரிடம் வாங்கிய கறுத்த ப்ளக்கின் மூக்கைத் துணியால் துடைத்தான். துடைத்துவிட்டு அதைக் கவுண்டரில் நிற்க வைத்தான். பிறகு தன் அலமாரியிலிருந்து அதே கம்பெனி டப்பா ஒன்றை எடுத்துப் பிரித்து, அந்தப் புது ப்ளக்கைப் பக்கத்தில் வைத்தான். புது ப்ளக்கின் எண் என்னுடையதைவிட ஐந்து குறைவு. அதன் மூக்கு நீளமாக இருந்தது. என்னுடையதன் மூக்கு மொட்டையாக உள்ளே அமுங்கியிருந்தது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் எது ஹாட், எது கோல்ட் என்று.

“உன் அம்புக்குறி தப்பு. எழுதுன நாள்லேர்ந்தே தப்பு. பதினாறு வருஷமா உன் சீட்டைப் பாத்து நான் எடுத்துக் குடுக்கல. உள்ளே போய் மூக்கைப் பாத்து மாத்திக் குடுத்தேன்” என்றான்.

ஏன்டா சொல்லவில்லை என்று கத்தினேன்.

“சொன்னேனே. அன்னைக்குத்தானே தொரத்துன.”

நான் அவனை அடித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கை ஓங்குவதைத் தடுத்தது அந்த டிரைவர் பேசியதுதான். அவர் எங்கள் சண்டையைக் கவனிக்கவே இல்லை. இரண்டு ப்ளக்கையும் பார்த்துக்கொண்டு, யாரிடமும் இல்லாமல், தனக்கே சொல்வதுபோல் சொன்னார்.

“இந்த ப்ளக்கைப் போட்டா வண்டி ஓடும். ஓடுச்சுன்னா, ஒரு மெரட்டு மெரட்டுனதும் திருட்டை நிறுத்திட்டான்னு சொல்லுவாரு. ஓடலன்னாலும் திருடன், ஓடினாலும் திருடன்.”

தம்பி நாலு டப்பாவை அவர் கையில் கொடுத்தான். அவர் போனார். நானும் திரும்பி வந்தேன். வந்தும் நம்பவில்லை. அவன் பழி தீர்க்கிறான், ஏதோ ஒரு டப்பாவில் வேறு ப்ளக்கைப் போட்டு வைத்து என்னை ஏமாற்றுகிறான் என்றே நினைத்தேன். மறுநாள் காலை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளறையிலிருந்து அந்தக் கம்பெனி டப்பா ஏழு எடுத்துவந்தேன், ஏழும் வேறு வேறு எண். அப்பாவின் வழக்கத்தை அன்றுதான் மீறினேன். ஒவ்வொன்றாகப் பிரித்து எண் வரிசையில் கவுண்டரில் நிற்க வைத்தேன். எண் ஏற ஏற மூக்கு குறைந்துகொண்டே போனது. ஏழாவதில் மூக்கு என்று சொல்லவே ஒன்றும் இல்லை. சூடு கூட்டுகிறேன் என்று நான் ஒவ்வொரு தடவையும் இன்னும் குளிர்ந்ததையே கொடுத்திருக்கிறேன். அந்த மனுஷன் எப்படி ஓட்டியிருந்தாலும் அந்த வண்டி நின்றிருக்கும்.

வயிறு எரிந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பதினாறு வருஷம் வாயை மூடிக்கொண்டு என்னைப் பெரிய ஆளாக்கி வேடிக்கை பார்த்தவன்மேலா, ஒரு டப்பாவைக்கூடப் பிரித்துப் பார்க்காத என்மேலா. தோட்டக்காரருக்குப் போனில் சொல்லிவிடலாம் என்று எடுத்தேன். போனில் சொன்னால் அந்த ஆள் ஓகே ஓகே என்று வைத்துவிடுவார் என்று தெரியும். வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்து பொம்மசந்திரா போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் தோட்டத்துக்குப் போனேன். கைப்பையில் நாலு புது டப்பா. நான் இரண்டாவது தடவை கொடுத்தனுப்பிய அதே எண், என் ஸ்டாம்ப் குத்தியது.

ட்ராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. இருபது குழந்தைகள் வைக்கோல்மேல் உட்கார்ந்து கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். டிரைவர் என்னைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோட்டக்காரர் ஓலைத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, மேடம் நீங்கள் சொன்னது சரி, ஒரு மிரட்டு மிரட்டினேன், நேற்றிலிருந்து வண்டி சூப்பராக ஓடுகிறது என்று என் கையைப் பிடித்துக் குலுக்க வந்தார். டிரைவர் சொன்னது சொன்னபடி.

கையை நீட்டாமல் சொன்னேன். தப்பு என்னுடையது, நான் கொடுத்தது தவறான ப்ளக், இப்போது ஓடுவது வேறு கடை ப்ளக். அவர் நம்பவில்லை. நான் அந்த ஆளுக்காகப் பரிதாபப்பட்டுப் பேசுகிறேன் என்று நினைத்தார். அதெல்லாம் முடிந்துபோன கதை, விடுங்கள் மேடம் என்றார். விட நான் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வரவில்லை. என் ப்ளக்கை மறுபடி மாட்டுங்கள், நானே கூட இருக்கிறேன், வண்டி நிற்கிறதா இல்லையா பாருங்கள் என்றேன். விருந்தாளிகள் இருக்கிறார்கள் என்று பல்லைக் கடித்தார். நான் குரலை உயர்த்தினேன். என் குரல் உயர்ந்தால் அல்சூர் ஏரியின் அந்தக் கரைக்குக் கேட்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். மொபைலும் கையுமாக நின்ற அப்பாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர், இன்ஜின் எப்படி வேலை செய்கிறது என்று குழந்தைகளுக்குக் காட்டலாமே, நல்ல விஷயம்தானே என்றார். அதைக் கேட்டதும் தோட்டக்காரர் முகம் மாறியது. எல்லோரும் வாருங்கள், இது ஸ்பெஷல் எக்ஸ்பீரியன்ஸ் என்று கையைத் தட்டி அறிவித்தார். அந்த ஓலைத் தொப்பியை அப்படியே பிடுங்கி மாட்டுக்குப் போடலாம் போல இருந்தது.

டிரைவர் வண்டியை நிறுத்தி, அதில் மாட்டியிருந்த நாலு ப்ளக்கையும் ஸ்பேனரால் கழற்றினார். நான் என் டப்பாக்களை நீட்டினேன். மாட்டுகிறவர் அவர்தானே, அவரே பிரித்தார். பிரித்ததும் நாலு மூக்கையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், காலி டப்பாக்களை என்னிடம் திருப்பிக் கொடுத்தார், மாட்டினார். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்தார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியின் பக்கவாட்டில் ஏறி நின்றேன். ரேடியேட்டர்மேல் உள்ளங்கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும்வரை காத்திருந்து, தோட்டக்காரரையும் தொட்டுப் பார்க்கச் சொல்லி, அவர் கையை உதறிக்கொண்ட பிறகு, மண்ணெண்ணெய்க் குழாயை நானே திருப்பினேன். டிரைவர் கை ஸ்டியரிங்கைத் தவிர எதிலும் படவில்லை.

முதல் சுற்று நன்றாகத்தான் போனது. எனக்கே பயம் வந்துவிட்டது, நின்று தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். என் கடை ப்ளக் போட்ட வண்டி நிற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வேன் என்று யாராவது சொல்லியிருந்தால் செருப்பால் அடித்திருப்பேன். இரண்டாவது சுற்றில் கிணற்றடித் திருப்பத்தில் ஒரு டப் சத்தம். பிறகு இன்னொன்று. சைலன்சரில் கறுப்புப் புகை. வண்டி முக்கியது, குலுங்கியது, தோட்டக்காரருக்கு நேர் எதிரே நின்றுபோனது. குழந்தைகள் கை தட்டினார்கள்.

டிரைவர் இறங்கி ஒரு ப்ளக்கைக் கழற்றிக் காட்டினார். காய்ந்த கறுப்புக் கரி. தோட்டக்காரர் குனிந்து பார்த்தார், ஓகே ஓகே, புரிகிறது என்றார். டிரைவர் பக்கம் திரும்பி, ஹோக்லி பிடு என்று கன்னடத்தில் சொல்லித் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். போகட்டும் விடு என்று. அவ்வளவுதான்.

எனக்குத் தாங்கவில்லை. “திருடன்னு சொன்னீங்களே சார். அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்குங்க” என்றேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரிக்காமல் பேசினார். “நான் எங்க மேடம் சொன்னேன்? சொன்னது நீங்க.”

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு விருந்தாளிகளைக் கூழ் குடிக்க அழைத்துப் போனார். வண்டியருகே நானும் டிரைவரும்தான் நின்றோம். அவர் மீதி மூன்று ப்ளக்கையும் கழற்றிக்கொண்டிருந்தார். அறையைக் காலி செய்ய வேண்டியதில்லை, பரீட்சை முடியும்வரை பெண் இங்கேயே படிக்கலாம், அதுவாவது ஆனதே என்று நினைத்துக்கொண்டு, பொண்ணு எங்கேப்பா என்று கேட்டேன்.

ஊருக்குப் போய்விட்டாளாம். திருட்டுப் பேச்சு ஸ்கூல் வரைக்கும் போய்விட்டது. அப்பா, நீ பெட்ரோல் திருடினியா என்று கேட்டாளாம். இல்லை என்று சொல்லியும் இவர் முகத்தைப் பார்க்காமல் மறுநாள் பாட்டி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாளாம். இதை ஸ்பேனரைத் திருகிக்கொண்டே சொன்னார். நான் வருகிறேன், நானே வந்து பெண்ணிடம் சொல்கிறேன் என்றேன்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாங்க” என்றார். கரி படிந்த நாலு ப்ளக்கையும் துண்டில் வைத்து முடிந்தார். அவை என்னுடையவை, எடுத்துப் போகிறேன் என்று கையை நீட்டினேன். கடைப் பழக்கம். அவர் கொடுக்கவில்லை.

“இது எங்கிட்ட இருக்கட்டும். சாயங்காலம் ஊருக்குப் போறேன், பொண்ணுகிட்ட காட்டணும். அந்த டப்பாவையும் குடுங்க. கடை சீல் அதுலதானே இருக்கு.”

கைப்பையைத் துழாவி நாலு டப்பாவையும் எடுத்து நீட்டினேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பி, ஊதா ஸ்டாம்பில் என் கடைப் பெயர் சரியாகப் படிக்க முடிகிறதா என்று பார்த்து வாங்கிக்கொண்டார். ஒரு டப்பாவில் மை லேசாக இழுபட்டிருந்தது. அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.